இன்ஜினை விற்ற ஷாஸ்லி

வெள்ளிக்கிழமை விடியற்காலையில்தான் எப்போதும் விலையை ஏற்றுவார்கள். ஜனங்கள் எழுந்து பல் துலக்குவதற்குள் டீசல் ஒரு படி மேலே போயிருக்கும். அன்றைக்கு விடுமுறை, தொழுதுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினால் பாதிக் கோபம் ஆறிவிடும் என்று மேலே இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. எங்கள் ஊர்ப் படகோட்டி ஷாஸ்லி விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு பலிக்காது. அவனுக்குச் சாப்பிட்டால் கோபம் கூடும்.

அஸ்வானுக்கு எதிர்க்கரை எங்கள் ஊர். நைலைக் கடந்தால்தான் பிழைப்பு. காலேஜ், ஆஸ்பத்திரி, சந்தை, ரயில் எல்லாம் கிழக்கே. வீடும் பேரீச்ச மரமும் சொந்தபந்தமும் மேற்கே. காலையில் ஊரே துறையில் இறங்கி அக்கரைக்குப் போகும், சாயங்காலம் திரும்பி வரும். அப்படிப் போய்வந்தவர்களில் பாதிப்பேரை இருபது வருஷத்துக்கு மேலாக ஏற்றி இறக்கியவன் ஷாஸ்லி.

இளவட்டமாக இருந்தபோது அவன் கெய்ரோவில் ஒரு பெரிய கட்டடத்துக்கு வாசல் காத்தான். எங்கள் ஆண்பிள்ளைகளுக்கு வழக்கமாக வாய்க்கிற வேலை அதுதான். மாடிக்காரர்களின் கார்க்கதவைத் திறந்து திறந்து அலுத்துப்போய், "இனி எவனுக்கும் கதவு திறக்க மாட்டேன், என் படகுக்குக் கதவே கிடையாது" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினான். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு படகு, அதன் நடுவில் ஒரு டீசல் இன்ஜின். முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள், நடுவில் கருவேலப் பலகையில் செய்த பெட்டிக்குள் இன்ஜின். எங்கள் துறையில் எல்லாப் படகும் இப்படித்தான். யாரும் சட்டம் போட்டதில்லை, ஆனால் யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை.

அந்த இன்ஜின் போட்ட கூச்சல் இருக்கிறதே, அப்பப்பா! அதன் பக்கத்திலேயே கிடந்து ஷாஸ்லிக்கு மெதுவாகப் பேசவே மறந்துபோயிற்று. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "ஸகீனா, உப்பு!" என்பான். அவன் மனைவி ஸகீனா எழுவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வந்துவிடும்.

சரி, விலைக்கு வருவோம். அந்த முறை ஏறியபோது ஷாஸ்லியும் கட்டணத்தை ஏற்றினான். வேறென்ன செய்வான்? மற்றப் படகுக்காரர்களும் ஏற்றினார்கள். அதோடு ஊரின் போக்குவரத்தே மாறிவிட்டது. தினமும் போய்வந்த வாத்தியாரம்மாக்கள் கிழக்கே சொந்தக்காரர் வீட்டில் வாரம் முழுக்கத் தங்க ஆரம்பித்தார்கள். பையன்கள் ஒரே பைக்கில் மூன்று பேராகத் தொற்றிக்கொண்டு தூரத்துப் பாலத்தைச் சுற்றிப் போனார்கள். சந்தையில் வேர்க்கடலையும் காய்ந்த செம்பருத்தியும் விற்கிற ஹமீதா அக்கா, இரண்டு நாள் சரக்கை ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். அவளுக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

நர்சிங் படிக்கிற பெண் ஸம்ஹா ஒருநாள் காலையில் துறையில் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு படகு போயிற்று, இன்னொன்றும் போயிற்று, அவள் ஏறவில்லை.

"ஏறும்மா, நேரமாச்சு!" என்று கத்தினான் ஷாஸ்லி.

"இன்னிக்கு வகுப்பு இல்ல மாமா."

"வகுப்பு இல்லாதவ எதுக்கும்மா வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு நிக்கிற? ஏறு, காசு கேக்கல!"

ஏறினாள். வாய் ஓயாமல் பேசுகிற பெண், அன்றைக்கு அக்கரை வரும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. இறங்கும்போது, "நான் படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன் மாமா, அப்பா கெய்ரோவுலேருந்து அனுப்புறது போக்குவரத்துக்கே போயிடுது" என்றாள். ஷாஸ்லி கணக்குப் போட்டுப் பார்த்தான். இவளை ஒருநாள் சும்மா ஏற்றலாம், பத்து நாள் ஏற்றலாம். இவளைப் போல இன்னும் எத்தனை பேர்! எல்லாரையும் சும்மா ஏற்றினால் டீசல் யார் போடுவது? அன்று முழுக்க இன்ஜினைத் திட்டிக்கொண்டே படகை ஓட்டினான்.

அந்த மாதம்தான் வடக்கே தராவ் ஊரில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனான். அங்கே வயலில் சோலார் பலகைகளை நிறுத்தி, அதில் மோட்டார் ஓடி, கிணற்றுத் தண்ணீர் கரும்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. விருந்து ஆறிக்கொண்டிருக்க, ஷாஸ்லி வயலிலேயே நின்றுவிட்டான். பலகை மாட்டிய மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துச் சட்டையைப் பற்றாத குறையாகக் கேட்டான்.

"ஏம்ப்பா, தண்ணிய மேல தூக்குற சூரியன், தண்ணி மேல படகைத் தள்ளாதா?"

"தள்ளும். பேட்டரி வைக்கணும், தனி மோட்டார் வைக்கணும். செலவு கொஞ்சம் கூட."

"ஒரு தடவை செலவு. அப்புறம்?"

"அப்புறம் என்ன, வெயிலுக்கு எவன் விலை ஏத்தப் போறான்?"

அவ்வளவுதான். ஊருக்கு வந்தவன், தன் பங்குக்கு இருந்த பேரீச்ச மரங்களைத் தம்பிக்கே விலைக்குக் கொடுத்தான். இன்ஜினை எட்ஃபூவிலிருந்து வந்த ஒருவனுக்கு விற்றான். ஸகீனா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"புத்தி பேதலிச்சுப் போச்சா உங்களுக்கு? இது ஓடலேன்னா திரும்ப மாட்டவாவது அந்த இரும்பை வச்சிருக்கக் கூடாதா?"

"வச்சிருந்தா திரும்ப மாட்டிருவேன்டி. அதான் வித்தேன்!"

படகின் கூரைமேல் பலகைகள் ஏறின. பேட்டரிகள் ஆண்கள் உட்காருகிற பெஞ்சுக்கு அடியில் போயின. நடுவில் இருந்த இன்ஜின் பெட்டி காலியாகக் கிடந்தது. அதைப் பெயர்த்தால் படகின் இடுப்பு ஆட்டம் கண்டுவிடும் என்று மெக்கானிக் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டான். கட்டணத்தைப் பழையபடி இறக்கினான்.

துறையில் இதைப் பார்த்து அதிகம் சிரித்தவர் ரய்யிஸ் அப்தூன். படகோட்டிகள் சங்கத்துக்குத் தலைவர், அதனால்தான் ரய்யிஸ் என்கிற பட்டம். எங்கள் துறையிலேயே பெரிய படகும் பெரிய மீசையும் அவருக்குத்தான். அவர் மருமகன் சொந்தப் படகு வாங்கி வைத்துக்கொண்டு, துறையில் படகெடுக்கும் முறை ஒன்று காலியாகாதா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தான். எங்கள் துறையில் முறை இல்லாத படகு ஆளை ஏற்ற முடியாது. வரிசைப்படி, முறைப்படிதான் எல்லாம்.

"டேய் ஷாஸ்லி, மேகம் வந்தா என்னடா பண்ணுவே? இறங்கித் தள்ளுவியா?" என்றார் அப்தூன்.

"அஸ்வான்ல மேகத்தை நீங்க எப்பக் கண்டீங்க ரய்யிஸ்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்தூனுக்கு மூக்கு சிவந்தது. "வாய் நல்லாத்தான் இருக்கு. சட்டம் தெரியும்ல? வாரத்துல மூணு நாள் பாதி காலியா படகெடுக்கிறவன் முறை அடுத்தவனுக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு கூடுறோம். அதுவரைக்கும் உன் சூரியனை ஓட்டிப் பாரு" என்றார்.

ஷாஸ்லி சரி என்றான். முறை போனால் அவன் கதி என்ன? மரம் தம்பியிடம், இன்ஜின் எட்ஃபூவில். படகை உடைத்து அடுப்பில் வைக்க வேண்டியதுதான். பழைய கட்டணமும் அதோடு சேர்ந்து போகும், ஸம்ஹாவின் படிப்பும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு நிறைந்துவிட்டது. குறைந்த கட்டணம் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? ஷாஸ்லி விசையைத் தள்ளினான். புகை இல்லை, ஆட்டம் இல்லை, சத்தம் துளியும் இல்லை. படகு சொன்னபடி கேட்டுப் போயிற்று. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவன் கத்தியதுதான் அன்றைக்கு ஆற்றில் பெரிய சத்தம். சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தன் படகு தண்ணீரைக் கிழிக்கிற ஓசையை இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கேட்டான்.

ஆனால் கேட்டது தண்ணீர் ஓசை மட்டுமா!

முன்பக்கம் ஹமீதா அக்கா, பக்கத்தில் இருந்தவளிடம் வழக்கம்போல ஆரம்பித்திருந்தாள். "என் மருமகன் நூரி இருக்கானே, கறி வாங்கிட்டு வந்தா துண்டை எண்ணித்தான் என் மக கையில கொடுக்கிறான். ஆக்கி இறக்கினதுக்கு அப்புறம் சட்டியில கரண்டியை விட்டு மறுபடியும் எண்ணுறான்டி!"

பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நூரி அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

"எண்ணாம வச்சா உங்க மக பாதியை உங்க வீட்டுக்கு அனுப்பிடுறா மாமி!"

பின்பக்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. ஹமீதா அக்கா முக்காட்டை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டாள். அக்கரை வரும்வரை முன்பக்கத்தில் ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. தெருவில் யாருக்கு யாரோடு சண்டை, எந்த மாமியார் எதைப் பூட்டி வைக்கிறாள் என்று நேற்றுவரை என்னென்ன பேசினோமோ என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு பெண்கூட ஏறவில்லை. ஷாஸ்லியின் படகைத் தாண்டிப் போய் அப்தூனின் படகில் ஏறினார்கள், அதுவும் கூடுதல் காசு கொடுத்து. ஷாஸ்லி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். குறைந்த காசில், புகை இல்லாமல், முதுகெலும்பு அதிராமல் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறவனை விட்டுவிட்டு, கூடக் காசு கொடுத்துப் புகையைக் குடிக்கப் போகிறார்களே! மத்தியானம் வீட்டுக்கு வந்து ஸகீனாவிடம் குமுறினான்.

"இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு என்னடி கேடு?"

ஸகீனா அவித்த பீன்ஸில் எண்ணெய் ஊற்றியபடியே சொன்னாள். "அவங்களுக்கு ஒரு கேடும் இல்லீங்க. உங்க படகுக்குத்தான் காது முளைச்சிருச்சு."

"என்னடி சொல்ற?"

"வீட்டுல மாமியார் காது. தெருவுல பக்கத்து வீட்டுக் காது. சந்தையில எல்லார் காதும். ஆத்துல போற அந்தக் கொஞ்ச நேரம்தான் ஒரு பொம்பளை மனசுல கிடக்கிறதைக் கொட்டுவா. நடுவுல அந்த இன்ஜின் இரையுறதுதான் எங்களுக்குத் திரை. அதைப் போய் எட்ஃபூக்காரனுக்கு வித்துட்டு வந்து நிக்கிறீங்க."

ஷாஸ்லி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான். இருபது வருஷமாக அந்தப் படகின் பின்பக்கமே கிடந்தவனுக்கு முன்பக்கம் நடப்பது தெரியாமல் போயிற்றே! இன்ஜின் என்றால் படகைத் தள்ளுவது என்று மட்டும்தான் அவன் நினைத்திருந்தான்.

அதற்குப் பிறகு அவன் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. செவ்வாய்க்கிழமை நடுவில் ஒரு கம்பளத்தைத் தொங்கவிட்டான். துணி சத்தத்தை நிறுத்துமா? காற்று வந்து கம்பளத்தைச் சுருட்டி ஆற்றில் போட்டதுதான் மிச்சம். புதன்கிழமை ஒரு டேப் கொண்டுவந்து குர்ஆன் ஓதுவதைப் போட்டான். எட்டிப் பார்த்த இரண்டு பெண்களும், "ஓதுற இடத்துல உக்காந்து புறணி பேசினா பாவம் அண்ணே" என்று பயபக்தியோடு பின்வாங்கினார்கள். சாயங்காலம் ரேடியோவில் செய்தி வைத்தான். டீசல் விலையைப் பற்றி மந்திரி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்து ஆண்கள் ரேடியோவோடு சண்டைக்குப் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை விடிந்தது. கடைசி நாள். மூன்று நாளாக முன்பக்கம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அப்தூனின் படகில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஹமீதா அக்கா கடலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஷாஸ்லி, நாளைக்கு வர்றப்ப அந்தப் பலகையைக் கழட்டி எடுத்துக்கிட்டு வாடா. என் கோழிக்கூட்டுக்குக் கூரை இல்ல!" என்றார் அப்தூன். அவர் படகு முழுக்கச் சிரித்தது.

ஷாஸ்லி குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

அப்போது ஸம்ஹா ஓடிவந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளுக்குச் செய்முறைப் பரீட்சை. அப்தூன் படகுக்குக் கொடுக்கக் கையில் காசு போதாது. ஷாஸ்லி படகில் முன்பக்கம் முழுக்கக் காலி, பின்பக்கம் முழுக்க ஆம்பிளைகள். வயசுப்பெண், தனியாக எப்படி ஏறுவாள்? ஒரு காலைக் கரையிலும் ஒரு காலைப் பலகையிலும் வைத்துக்கொண்டு தவித்தாள். அப்தூன் படகிலிருந்து எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். ஸம்ஹா உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறி, முன்பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள்.

ஷாஸ்லி விசையைத் தள்ளினான். படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் விலகியது. பின்னால் இன்னும் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு வந்த ஆத்திரத்தில், "இந்தச் சனியன் பிடிச்ச அமைதியை நான் எங்கே போய்க் கொட்டுவேன்!" என்று கத்தியபடி பக்கத்தில் இருந்த காலி இன்ஜின் பெட்டியை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான்.

தும்ம்ம் என்றது பெட்டி.

ஆற்றின் மேல் அந்த ஒலி உருண்டு போய்க் கரையில் மோதித் திரும்பி வந்தது. ஸம்ஹா சடக்கென்று திரும்பினாள்.

"மாமா! இது கல்யாணத்துல கொட்டுற தஃப் மாதிரியே கேக்குது! இன்னொரு தடவை அடிங்க!"

"உனக்குப் பரீட்சையா விளையாட்டா?"

"அடிங்க மாமா!"

அவன் அடிப்பதற்குள் அவளே முன்பெஞ்சிலிருந்து எழுந்துவந்து பெட்டியின் மறுபக்கம் உட்கார்ந்துவிட்டாள். விரலால் ஓரத்தில் ஒரு தட்டு, உள்ளங்கையால் நடுவில் ஒரு அறை. எங்கள் பெண்களுக்கு இது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. பழைய கருவேலப் பலகை, உள்ளே வெறும் காற்று. அது பேச ஆரம்பித்தது. ஸம்ஹா பாடினாள்:

"ஆத்தைத் தாண்டிப் போறேன் அம்மா, அடுப்பை அணைக்காதே,
அக்கரையில் வேலை இருக்கு, அழுது நிக்காதே!"

பின்பக்கம் ஆண்கள் கைதட்டினார்கள். கேள்விக்குப் பதில் பாடுவது எங்கள் வழக்கம். பாட்டு வந்தால் சும்மா உட்கார ஒருத்தனுக்கும் தெரியாது. நூரிதான் முதலில் பதில் எடுத்தான்:

"அடுப்பு அணையாது பெண்ணே, ஆறு வற்றாது,
அக்கரைக்குப் போன புள்ள வெறுங்கையோட வராது!"

அப்தூன் இன்னும் கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பவில்லை. அதனால் கரையில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவர் படகில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஹமீதா அக்கா கூடையோடு எழுந்து நின்றாள்.

"ஏய், பின்னாடி ஆம்பிளைங்க வாயெல்லாம் பாட்டுல கிடக்கு. காதெல்லாம் தாளத்துல கிடக்கு. இந்தச் சத்தத்துல நாம பேசினா எவனுக்குடி கேக்கும்?"

ஒரு நொடிதான். அவ்வளவு பேருக்கும் விளங்கிவிட்டது.

"ஷாஸ்லி! திருப்புய்யா படகை!" என்று அவள் போட்ட கூச்சலில் கரையில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது.

ஷாஸ்லி சட்டென்று திருப்பினான். படகு கரையைத் தொடுமுன்பே பெண்கள் அப்தூன் படகிலிருந்து கூடையும் பையும் குழந்தையுமாக இறங்க ஆரம்பித்தார்கள். "யம்மா, ஏறினவங்க இறங்கக் கூடாது! இது என்ன அநியாயம்!" என்று அப்தூன் கத்தினார். "புகையை நீங்களே குடிங்க ரய்யிஸ்!" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். முன்பக்கம் நிறைந்தது. இடம் போதாமல் இரண்டு பேர் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு அந்தப் படகு போன அழகைப் பார்க்கணுமே! பாதிப் பெண்கள் பெட்டியைச் சூழ்ந்து தட்டிப் பாடினார்கள். மீதிப் பாதி தலையோடு தலை முட்டிக்கொண்டு அன்றைய பாக்கியைப் பேசித் தீர்த்தார்கள். கொஞ்சம் போனதும் இவர்கள் பேச, அவர்கள் பாட என்று மாறிக்கொண்டார்கள். ஹமீதா அக்கா தன் மருமகனைப் பாட்டிலேயே வாரினாள். கறியை எண்ணுகிறவன் கடலையையும் எண்ணுவானோ என்று கேட்டாள். எண்ணாமல் தின்றால் மாமியாருக்குக் கோபம் வருமே என்று நூரி பாட்டிலேயே திருப்பிக் கொடுத்தான். பேச்சில் சொன்னால் வெட்டுக்குத்து, பாட்டில் சொன்னால் யாருக்கும் கோபமில்லை. மாமியாரும் மருமகனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

நடு ஆற்றில் அப்தூனின் படகு இரைந்துகொண்டு பக்கத்தில் வந்தது. அதில் மிச்சம் இருந்தவர்கள் காதை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரய்யிஸ், அந்த இழவை நிறுத்துங்க! பாட்டு கேக்கல!"

"நிறுத்தினா படகு எப்படிய்யா போகும்?"

"கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்! எங்க அடுத்த வீட்டுப் பொண்ணு பாடுது!"

எல்லாரும் எழுந்து நின்றுகொண்டு கத்தினார்கள். படகு ஒருபக்கம் சாய்ந்தது. அப்தூன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தினார். ஆறு முழுக்கப் பாட்டு பரவியது. மீன் பிடிக்கிறவர்கள் வலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்தூனின் கால்கூடத் தாளம் போட்டது. அதை அவர் கவனிக்கவில்லை, நாங்கள் கவனித்தோம்.

பாட்டு ருசியில் யாரும் நீரோட்டத்தைப் பார்க்கவில்லை. அப்தூனின் படகு வடக்கே இழுபட்டுக் கரும்பாறைகள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இன்ஜின் இருமியது. மறுபடி சுற்றினார். அது தும்மிவிட்டு அடங்கியது. அவர் நெற்றியில் வியர்வை கொட்டியது, படகில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

ஷாஸ்லி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. படகைத் திருப்பி அவர் அருகே கொண்டுபோய்க் கயிற்றை வீசினான். "கட்டுங்க ரய்யிஸ்!"

"உன் சூரியன் ரெண்டு படகை இழுக்குமாடா?"

"கட்டுங்க சொல்றேன்! கோழிக்கூட்டைப் பத்தி அப்புறம் பேசுவோம்!"

கயிறு விறைத்தது. மோட்டார் முனகியது. முன்னால் சூரியப் படகு, பின்னால் சங்கத் தலைவரின் படகு, மெதுவாகப் பாறையை விட்டு விலகிக் கிழக்குத் துறையைப் பார்த்து நகர்ந்தன. பயம் தெளிந்ததும் பின்படகில் இருந்தவர்களும் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கிழக்குத் துறையில் டீக்கடைக்காரர்களும் குதிரைவண்டிக்காரர்களும், கல்யாண ஊர்வலம்தான் வருகிறது என்று நினைத்துக் கரைக்கு ஓடிவந்தார்கள். ஸம்ஹா இறங்கி, உள்ளங்கை சிவக்கச் சிவக்க ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓடினாள். பரீட்சைக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள், தேறியும்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சங்கம் கூடியது. ஷாஸ்லி ஓரமாக உட்கார்ந்திருந்தான். சட்டப்படி பார்த்தால் அவன் கதை முடிந்ததுதான். ஞாயிறும் வியாழனும் மட்டும் நிறைந்தால் போதாது. அப்தூனின் மருமகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

அப்தூன் தொண்டையைச் செருமினார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மூணு நாள் இவன் படகு பாதி காலி."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஹமீதா அக்கா உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். சங்கத்துக் கூட்டத்துக்குப் பெண்கள் வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஸகீனாவும் வந்திருந்தாள்.

"ரய்யிஸ், படகு காலியா போனது யாரால?" என்றாள் ஹமீதா அக்கா.

"உங்களாலதான்."

"அப்பத் தப்பு எங்களோடது. தண்டனையை எங்களுக்குப் போடுங்க. இனிமே நாங்க ஷாஸ்லி படகைத் தவிர வேற படகுல ஏறக் கூடாதுன்னு போடுங்க!"

கூடம் அதிர்ந்தது. வயதான படகோட்டிகள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அப்தூன் மீசையைத் தடவினார், மருமகனைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னைப் பாறையிலேருந்து இழுத்தவன் முறையை நான் எப்படிம்மா பிடுங்குவேன்? முறை அவனோடதுதான். அதுவும் காலையில முதல் முறை" என்றார். மருமகன் முகம் தொங்கியதைப் பார்த்து, "நீ ஏன்டா முழிக்கிற? நீயும் அந்தப் பலகையை மாட்டு, பேசி ஒரு முறை உண்டாக்குவோம்" என்றார். அப்புறம் ஷாஸ்லி பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அந்தத் தராவ் மெக்கானிக் பேரு என்னடா?" என்று விசாரித்தார்.

ஷாஸ்லி அழுதுவிட்டான். மறைக்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்குப் படகு" என்றான். "எல்லாரும் வந்துருங்க."

"ஏழுக்கு வந்தா பெட்டிக்குப் பக்கத்துல இடம் கிடைக்குமா?" என்றாள் ஹமீதா அக்கா. "நாங்க ஆறரைக்கே வந்துருவோம்."